பதினெட்டாம் தேதிக்குள் ஒரு கையெழுத்து

பிப்ரவரி 22, 1988
திங்கட்கிழமை

கார்லீன்,

நேற்று மதியம் என் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். நான். உன் மகள் ரெனீட்டா. பக்கத்து வீட்டுக்காரன் கேட்டோ பிக்ஸ். மனைவி போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என் கோழிதான் அவனுக்குச் சாப்பாடு. திருச்சபையிலிருந்து எர்லீன் மாட்லி. அவளை நான் அழைக்கவில்லை, வாசனை அழைத்தது. மேசைக்கு அடியில் பிக்ஸின் குருட்டு நாய். இரண்டே கால் மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் பச்சைக் கோட்டும் கையுறையுமாக என் தங்கை வெர்லீன். பதினொரு வருடமாக என் படி மிதிக்காதவள். இத்தனை பேர் சாட்சி. பின்னால் யாராவது கதையை மாற்றிச் சொன்னால் இந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டு.

கிறிஸ்துமஸ் அன்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியை வைத்தவள் நான்தான். இன்னும் மூன்று வருடம் ராணுவத்தில் இருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னதற்கு அது. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இப்போது எழுதாமல் முடியாது.

வெர்லீன் கையில் ஒரு உறை. "எங்க வீட்டுக்கு வந்துச்சு. உனக்குத் தெரியணுமேன்னு கொண்டாந்தேன்" என்றாள். உட்காரச் சொன்னேன். "நிக்கிறேன்" என்றாள். சரி நில் என்று விட்டுவிட்டேன்.

ரெனீட்டாதான் படித்தாள். நவம்பரில் ஒரு தேர்வு எழுதினாளே, ஊர் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் அந்த சம்மிட் ஹில் அறிவியல் பள்ளிக்கு. எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் இடம். உன் மகளுக்குக் கிடைத்திருக்கிறது. படித்து முடித்ததும் காகிதத்தை மடித்து உப்புக் குப்பிக்கு அடியில் வைத்துவிட்டுத் தட்டுகளை எடுக்கப் போய்விட்டாள். ஒரு சிரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை.

"பஸ் எத்தன மணிக்காம்?" என்று பிக்ஸ் கேட்டான்.

"அஞ்சு இருபது" என்றாள் உள்ளேயிருந்து.

"காலைலயா? நான் ரயில்வேல இருந்தப்பகூட கோழிய எழுப்பிவிட்டுட்டுப் போனதில்ல."

எர்லீன் வாய் சும்மா இருக்குமா. "ரெண்டு தெரு தள்ளி பள்ளிக்கூடம் இருக்கு. அங்க படிச்சவங்கல்லாம் செத்தா போயிட்டாங்க?"

"சில பேர் போயிட்டாங்க, எர்லீன்" என்றான் பிக்ஸ். போன ஆண்டு அந்தப் பள்ளி வாசலில் பிள்ளைகள் உயிர் போனது உனக்குத் தெரியும்.

நான் சொல்லிவிடுகிறேன். அவள் போக வேண்டும். நம் பக்கத்துப் பள்ளியில் செப்டம்பரிலிருந்து வேதியியலுக்கு ஆள் இல்லை. கால்பந்து பழக்குகிறவர் அந்த வகுப்பில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். ரெனீட்டா அங்கே முதலாவதாக வருவாள், கிளாரினெட் வாசிப்பாள், எல்லாரும் அவளைத் தெரிந்து வைத்திருப்பார்கள், பதினெட்டு வயதில் கடையில் பணப்பெட்டிக்குப் பின்னால் நிற்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்தப் பள்ளியில் அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது, போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், வீட்டுப்பாடம் மலையாக இருக்குமாம். இரண்டையும் ஒரு வாரமாக இல்லை, நவம்பரிலிருந்து நிறுத்துப் பார்க்கிறேன். அவள் போகத்தான் வேண்டும்.

மார்ச் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் படிவம் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் சட்டப்படியான பாதுகாவலர் என்று போட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தட்டச்சில் ஒரு பெயர்: வெர்லீன் ஹாப்ஸ்.

என் வீட்டில் நான்கு வருடமாகத் தூங்கி எழுகிற பிள்ளைக்கு அவள் பெயர் ஏன், கார்லீன்? வெர்லீனைக் கேட்டேன். "உன் மகளக் கேளு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அதனால் கேட்கிறேன்.

அம்மா

●

மார்ச் 2, 1988
ஜெர்மனி

அம்மா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? ஒரு பக்கத்துக்கு எட்டே வரி, அதுவும் மேலே ஏறிக்கொண்டே போகிறது. கை வலியா?

கேட்டதற்குப் பதில். கணவன் இல்லாமல் பிள்ளை வைத்திருக்கிற பெண்ணை ராணுவத்தில் எடுக்கமாட்டார்கள். பிள்ளையின் பொறுப்பை நீதிமன்றத்தில் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் சேர முடியும். எண்பத்து நான்காம் வருடம் மே மாதம் அந்தக் காகிதத்தோடு உங்களிடம்தான் முதலில் வந்தேன். நீங்கள் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். படித்துக் காட்ட ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "எங்கப்பா ஒரு காயிதத்துல கையெழுத்துக்குப் பதிலாப் பெருக்கல் குறி போட்டார், நாப்பது ஏக்கர் போச்சு. இந்த வீட்ல யாரும் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டாங்க" என்று கத்தியால் காகிதத்தைத் தள்ளினீர்கள். வெண்டைக்காய்ப் பசை அதில் ஒட்டியது. அந்தக் கறையோடு சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார், கையெழுத்துப் போட்டார், உங்களிடம் சொல்வதில்லை என்றும் ஒத்துக்கொண்டார். பிள்ளை உங்களிடம், காகிதம் அவரிடம். வேறு வழி எனக்கு இருந்திருந்தால் சொல்லுங்கள்.

பள்ளி விஷயம். வேண்டாம்.

நான் அதே பள்ளிக்கு அதே பாதையில் போய் வந்தவள். எழுபத்தொன்றில் பதினான்கு வயதில் என்னை அந்த மஞ்சள் பஸ்ஸில் ஏற்றியது நீங்கள்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் பள்ளிக்கு நம் கறுப்புப் பிள்ளைகள் போகக் கதவு திறந்த முதல் வருடம். நீங்கள் திருச்சபை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். நான் மூன்றாம் வருடம் வயிற்றில் பிள்ளையோடு வந்து நின்றேன், கிடைத்ததைத் தூக்கி எறிந்தவள் என்று அன்றிலிருந்து இன்றுவரை சொல்கிறீர்கள்.

இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். அங்கே மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகிவிடும். யாரும் ஒரு வார்த்தை திட்டமாட்டார்கள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள், அவ்வளவுதான். இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் வாளியும் வைக்கிற இடம் ஒன்று இருந்தது, அங்கே நின்றுகொண்டு சாப்பிட்டேன். நீங்கள் துணியில் கட்டிக் கொடுத்த பன்றிக்கறியும் ரொட்டியும். இரண்டு வருடம், நின்றுகொண்டு.

ரெனீட்டாவின் அப்பா அங்கே தரை துடைக்கிற வேலைக்கு வந்தவன். ஒருநாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு "உக்காந்து சாப்பிடு" என்றான். தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் செய்தது அவ்வளவுதான், அம்மா. அது போதுமாக இருந்தது.

என் மகள் நின்றுகொண்டு சாப்பிட வேண்டாம். யாரோ ஒருவன் வாளியைக் கவிழ்த்ததற்காகத் தன் வாழ்க்கையை எடுத்துக் கொடுக்க வேண்டாம். இரண்டு தெரு தள்ளி எல்லாருக்கும் தெரிந்த பிள்ளையாகப் படிக்கட்டும். சித்திக்கும் எழுதிவிட்டேன், கையெழுத்துப் போட வேண்டாம் என்று.

இதை ரெனீட்டா கண்ணில் படாமல் வையுங்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

கார்லீன்

●

மார்ச் 13, 1988
ஞாயிறு

கார்லீன்,

அடுப்பில் போட்டேன். ஆனால் அது ரெனீட்டா கண்ணில் பட்டுத்தான் அடுப்புக்குப் போனது. மறைக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மேலாகிறது, எனக்குச் சின்ன எழுத்து தெரிவதில்லை. உன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. நான் எழுதுவது கைப்பழக்கத்தில்; தடித்த பேனாவை வைத்து, வரிக்கு ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு. படிப்பது என்றால் அவள்தான். உன் கடிதம் எல்லாவற்றையும் அவள்தான் படித்துக் காட்டுவாள்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் உறையைக் கிழித்து நின்றபடியே படித்தாள். நீதிமன்றக் காகிதம் பற்றிய இடம் வந்தபோது நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. படிக்கட்டுக்குக் கீழே நின்று சாப்பிட்டதைப் படித்தாள். வாளியைப் படித்தாள். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. "என் கண்ணில் படாமல் வைக்கணுமாம்" என்று அதையும் படித்துவிட்டு மடித்தாள். "முட்டை வேணுமா, சூப் வேணுமா?" என்று கேட்டாள்.

உன் சாப்பாட்டு மூட்டை தினமும் காலியாக வரும். துணியை உதறி மடித்து வைப்பாய். என் பிள்ளைக்கு அங்கே நல்லா பசிக்குது என்று நான் எர்லீனிடம் சொன்னது எந்த நாள், எந்த இடம் என்றுகூட எனக்கு நினைவு இருக்கிறது. எழுபத்திரண்டு, அக்டோபர், திருச்சபைக் கிணற்றடி. அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஆனாலும் கேள். இரண்டு நாள் யோசித்தேன், பிறகும் என் மனம் மாறவில்லை. உனக்கு நடந்தது நடந்தது. இது எண்பத்தெட்டு. அந்தப் பள்ளியில் இப்போது பாதிப் பேர் நம் பிள்ளைகள். ஜனவரியில் ஒரு சாயங்காலம் பெற்றோரைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நானும் போனேன். சாப்பாட்டுக் கூடத்தைத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு ஏன் அதைப் பார்க்கத் தோன்றியது என்று அப்போது தெரியவில்லை. ஒரே மேசையில் எல்லா நிறமும் கலந்து உட்கார்ந்திருந்தது என்று ரெனீட்டா சொன்னாள். நான் பார்த்தது நிழல்கள்தான். சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தக் கட்டிடத்தின் கூரையில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. உன் மகள் அதற்குள் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை, பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். திரும்பி வரும்போது தெருமுனையில், "பாட்டி, அந்தக் கிரகம் உண்மையிலேயே வட்டமா இருக்கு" என்றாள்.

அதனால் நேற்று வெர்லீன் வீட்டுக்குப் போனேன். ரெனீட்டாவையும் கூட்டிக்கொண்டு. பதினொரு வருடம் முன்பு எங்கள் அம்மாவை அடக்கம் செய்த அன்று, எனக்குச் சரளமாகப் படிக்க வராது என்று தெரிந்தே எல்லார் முன்னாலும் இரங்கல் தாளை என் கையில் கொடுத்தவள் வீடு அது. என் கால் அங்கே போகாது என்று சொல்லியிருந்தேன். போனது.

கதவைத் திறந்தவள், "யார் செத்துட்டாங்க?" என்றாள்.

"யாரும் சாகல. கையெழுத்து வேணும்."

"கார்லீன் வேணாம்னு எழுதியிருக்கா."

"எனக்கும் எழுதியிருக்கா."

"அவ பெத்தவ, ஓசெல்லா."

"வளக்குறவ நான்."

"காயிதத்துல நான்" என்றாள். சிரிக்கவில்லை. அப்படிச் சொல்ல நாலு வருடம் காத்திருந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது நான் செய்ததை நீ நம்பமாட்டாய். "வெர்லீன், கெஞ்சிக் கேக்கறேன்" என்றேன். அறுபத்தாறு வயதில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பா வீட்டை விட்டுப் போன அன்றுகூட. அவள் ரெனீட்டாவைக் கேட்டாள், "உனக்கென்ன வேணும்?" என்று.

"பாட்டி சொல்றதுதான்" என்றாள் ரெனீட்டா.

வெர்லீன் கண்ணாடி போட்டாள், முழுக்கப் படித்தாள், கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள். உறையை ஒட்டி ரெனீட்டாவின் கையில் கொடுத்தாள். "திங்கக்கெழம பள்ளிக்கூடம் விட்டதும் நேரா ஆபீஸ்ல குடு. தபால்ல போடாத."

நீ வேண்டாம் என்று சொன்னதைத் தாண்டிச் செய்தேன். கோபப்படு. கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் கோபத்தை எனக்கு எழுது, அவளுக்கு எழுதாதே. இனி உன் கடிதங்களைப் பிக்ஸ் படிப்பான். அவனுக்கு வாய் நீளம், ஆனால் நம் குடும்பத்தில் ஒருவர் இல்லை.

இன்னொன்று. உனக்கு வேறு யாராவது சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது, காலையில் ஊசி போட வேண்டும். பெரிய விஷயம் இல்லை. திருச்சபையில் பாதிப் பேர் போடுகிறார்கள்.

அம்மா

●

மார்ச் 21, 1988
ஜெர்மனி

அம்மா,

இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் கிழிக்க வேண்டிய கடிதமாக இருந்திருக்கும்.

அவள் படித்தாளா. ஒவ்வொரு கடிதமுமா? போன வருடம் அவளுடைய அப்பாவைப் பற்றி எழுதினேனே, அதுவும்? நான் ராணுவ ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு வரியாக நினைவு வருகிறது, கை நின்றுவிடுகிறது. என்னிடம் கண் தெரியவில்லை என்று சொல்ல உங்களுக்கு ஒரு வருடம் தேவைப்பட்டது. ஊசியை "பெரிய விஷயம் இல்லை" என்று கடைசி வரியில் ஒளித்து வைக்கிறீர்கள். ஊசியில் உள்ள கோடு உங்களுக்குத் தெரியாதே, அம்மா. அளவு பார்ப்பது யார்? எத்தனை மணிக்கு? இதற்கு நேரான பதில் வேண்டும்.

இப்போது மற்றது. நான் எழுதியதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கோபத்தில் விட்டுவிட்டேன்.

அதே பள்ளியில் ஒரு வேதியியல் ஆசிரியர் இருந்தார், மிஸஸ் ஆஷ்ஃபோர்ட். சிரிக்கத் தெரியாத வெள்ளைக்காரக் கிழவி. ஒருநாள் என் விரலைக் குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, "பார்" என்றார். பார்த்தேன். அன்று பஸ்ஸில் வரும்போது அந்த விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். இன்று ஒரு நாளைக்கு நூறு பேர் ரத்தத்தை அப்படிப் பார்க்கிறேன், அதனால்தான் உங்கள் இருவருக்கும் மாதாமாதம் அனுப்ப முடிகிறது. அந்தப் பள்ளி இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை. அந்தப் பள்ளியால்தான் நான் மாடிப்படிக்குக் கீழே நின்றேன். இரண்டும் ஒரே இடத்தில் நடந்தது. போனது சரியா தவறா என்று பதினேழு வருடமாக என்னையே கேட்கிறேன். காலையில் ஒரு பதில், மாலையில் ஒரு பதில். அவளுக்காக நான் பயத்தின் பக்கம் பதில் சொல்லிவிட்டேன்.

தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் என் விரல் நினைவுக்கு வந்தது.

சரி. போகட்டும். நீங்கள் என்னைத் தாண்டியது சரிதான். இதை நான் ஒருமுறைதான் சொல்வேன். படிவம் பதினான்காம் தேதியே போய்ச் சேர்ந்திருக்கும். சித்திக்கும் நன்றி எழுதிவிட்டேன்.

இந்த ஒரு பகுதியை மட்டும் அவளே படிக்கட்டும்: ரெனீட்டா, முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால், எந்த நிறமாக இருந்தாலும், நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார். யாரும் உன்னிடம் வரட்டும் என்று காத்திருக்காதே. அம்மா ஜூலையில் விடுப்பில் வருகிறேன். கூரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ.

கார்லீன்

●

மார்ச் 31, 1988
வியாழன்

கார்லீன்,

உன் "சரி" நேற்று வந்தது. பிக்ஸ் படித்தான். ரத்தத் துளி வந்த இடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டான். என்னால் அழ முடியவில்லை. ஏனென்றால் அது வந்து சேர்ந்தபோது சரி என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை.

வரிசையாகச் சொல்கிறேன்.

போன ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. என் வெள்ளைத் தொப்பியை எடுக்க அலமாரி மேலிருந்து தொப்பிப் பெட்டியை இறக்கினேன். வருடத்தில் இரண்டு முறைதான் அதை இறக்குவேன், அது ரெனீட்டாவுக்குத் தெரியும், ஆனால் ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னாலேயே இறக்குவேன் என்று அவள் எண்ணவில்லை. தொப்பிக்கு அடியில் கை பட்டது ஓர் உறை. கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். ஒட்டின இடத்தில் வெர்லீன் எப்போதும் நகத்தால் மூன்று முறை அழுத்துவாள். மூன்று தடமும் இருந்தது.

அடுப்படியில் நின்றவளைக் கூப்பிட்டேன்.

"இது என்ன?"

திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சுதானே கேக்குற."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"கண்ணு தெரியாதுன்னு நெனச்சேன்."

அடிக்கக் கை ஓங்கினேன். அவள் விலகவில்லை. கையை இறக்கிவிட்டேன்.

"உங்கம்மா சாப்பிட்ட மாதிரி சாப்பிடணுமேன்னு பயந்துட்டியா?"

"இல்ல. நான் எங்க வேணா உக்காந்து சாப்பிடுவேன். எனக்கு அது ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"ஜனவரில நீயே ஊசி எடுத்துப் போட்டுக்கிட்டு அடுப்புக்குக் கீழ கெடந்தியே, அப்ப மணி என்ன தெரியுமா?"

இதை நான் உனக்கு எழுதவில்லை, கார்லீன். இப்போது எழுதுகிறேன். அளவு தப்பிப் போட்டுக்கொண்டேன். அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்தாள், சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியால் என் வாயில் ஊற்றினாள். அன்றிலிருந்து தினமும் ஆறரைக்கு என் விரலைக் குத்தி, ரத்தம் பட்ட காகிதத்தின் நிறம் பார்த்து, அளவு எடுத்துப் போட்டுவிட்டு, நான் ஒரு ரொட்டி சாப்பிடும்வரை எதிரில் நிற்பாள். நீ நேரான பதில் கேட்டாய். இதுதான்.

"ஏழு பத்து" என்றாள். "அஞ்சு இருபதுக்கே நான் போயிருந்தா?"

"செத்துருப்பேன்."

"அதான்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. திரும்பி அடுப்பைக் குறைத்தாள்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போனதும் உறையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். தப்பான பஸ்ஸில் ஏறி, இறங்கி, பஸ் எண்ணை ஒவ்வொரு ஓட்டுநரிடமும் கேட்டு, பத்து மணிக்குக் கல்வி அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். கவுன்டரின் கம்பிக் கூண்டுக்குப் பின்னால் ஒரு பெண். முகம் தெரியவில்லை, மூக்குக்கண்ணாடிச் சட்டம் மட்டும் மின்னியது.

"பதினெட்டாம் தேதியோட முடிஞ்சுபோச்சு, அம்மா."

"கையெழுத்துல பன்னண்டுன்னு இருக்கு, பாருங்க."

"என்னிக்குப் போட்டீங்கன்னு இல்ல. என்னிக்குக் குடுத்தீங்கன்னுதான் கணக்கு."

"பிள்ள எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா. எனக்கு உடம்பு முடியலன்னு. பதிமூணு வயசு. அவளுக்கு என்ன தெரியும்."

அவள் கெட்டவள் இல்லை. "அந்த எடத்த இருபத்தொண்ணாம் தேதியே அடுத்த பிள்ளைக்குக் குடுத்தாச்சு. அது வீட்லயும் இப்ப யாராவது சந்தோஷமா இருப்பாங்க இல்லையா" என்றாள்.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் போனது. எனக்கு வேர்த்தது, பையில் இருந்த மிட்டாயைப் போட்டுக்கொண்டேன். மூன்று மணிக்கு அவளே எழுந்து வந்து காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதினாள். ஒன்பதாவது. "போன வருஷம் எத்தன பேர் வரைக்கும் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஆறு" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக வெர்லீன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஐம்பத்தேழு வருடமாக யாருக்கும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன்.

ஆர்க்கன்சாவில், முப்பத்தொன்றாம் வருடம், வெர்லீனுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது. பள்ளிக்கூடம் நாலு மைல். வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி காலணிதான். அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பருத்தி பொறுக்கப் போட்டார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறீர்கள். நானும் அப்படியே சொல்லி வந்தேன். அப்பா நிறுத்தவில்லை. எழுத்தைப் பார்த்தாலே கண் வலிக்கிறது என்று நானாகப் போய்ச் சொன்னேன். கண்ணில் ஒரு வலியும் இல்லை. தங்கச்சி போகட்டும் என்று சொன்னேன். காலணியில் கந்தல் அடைத்து அவள் போனாள். ஆசிரியையானாள். பியானோ வாங்கினாள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். ஆனால் அன்றிலிருந்து அவள் என்ன செய்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் நடந்தால் காலைப் பார்ப்பேன். அவள் படித்தால் வாயைப் பார்ப்பேன். அடக்கத்தன்று அவள் தாளைக் கொடுத்தது என்னை அவமானப்படுத்த இல்லையாம். மூத்தவள் நீதானே வாசிக்கணும் என்று கொடுத்தாளாம், எனக்குச் சரளமாகப் படிக்க வராது என்றே அவளுக்குத் தெரியாதாம். அவளிடம் அதை அவ்வளவு நன்றாக மறைத்து வைத்திருந்திருக்கிறேன்.

வெர்லீன் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எனக்கு அந்தக் காலணி கடிச்சுச்சு, அக்கா. தெனமும் ரத்தம். நீ குடுத்ததாச்சேன்னு யாருகிட்டயும் சொல்லல" என்றாள். பிறகு, "பின்னால ரூம் காலியாத்தான் கெடக்கு. ஊசி நான் போடறேன், என் கண்ணு நல்லாருக்கு. ஆனா கோழி பொரிக்கக் கூடாது, மணம் திரைச்சீலையில ஒட்டிக்கும்" என்றாள்.

ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை அங்கே குடி போகிறோம். பிக்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை யார் சோறு போடுவார்கள் என்று தெரியவில்லை. அந்த மஞ்சள் பஸ் வெர்லீன் வீட்டு முனையில்தான் நிற்கும். ஒன்பதாவது ஆளைக் கூப்பிட்டால் அவள் ஏற வேண்டும், கூப்பிடாவிட்டால் அடுத்த வருடம் பத்தாம் வகுப்புக்கு மறுபடி எழுத வேண்டும். பின்னால் யார் கிடக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க அவளுக்குக் காரணமே இருக்கக் கூடாது. எனக்காகச் செய்யக்கூடியது என்று ஒன்றையும் அவளுக்கு நான் மிச்சம் வைக்கப் போவதில்லை.

விட்டுக்கொடுத்தவள் வாங்கிக்கொண்டவளை எப்படிப் பார்ப்பாள் என்பது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ரெனீட்டா என் தட்டில் முட்டையை வைக்கும்போதெல்லாம் அந்தப் பார்வை வந்துவிட்டதா என்று குனிந்து தேடுகிறேன். எனக்கு முகமே சரியாகத் தெரிவதில்லை. இருந்தாலும் தேடுகிறேன். இன்னும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எர்லீன் மாட்லி இதை இதற்குள் திருச்சபை முழுக்கச் சொல்லியிருப்பாள். மன்னித்தேன். அந்தக் கூண்டுக்காரியை மன்னித்தேன். அந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போன பிள்ளைகளை மன்னிப்பது என் வேலை இல்லை, உன்னுடையது. மூன்று வருடம் கையெழுத்துப் போட்டதற்கு உன்னை மன்னித்தேன். காகிதத்தில் உன் சித்தி பெயரை எழுதினதற்கும். வெர்லீனை மன்னிக்க ஒன்றுமே இல்லை என்று தெரிந்துபோனது, அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

ஒருத்தியை மட்டும் மன்னிக்கமாட்டேன். நீ சொன்னாலும் மாட்டேன். மன்னித்தால் அவள் செய்தது நல்ல காரியம் என்று ஆகிவிடும். பிறகு ஒரு புருஷனுக்காகச் செய்வாள், ஒரு பிள்ளைக்காகச் செய்வாள், கேட்கக்கூட மாட்டார்கள், இவளே எடுத்துக்கொண்டுபோய்த் தொப்பிப் பெட்டியில் போட்டுவிட்டு வருவாள். அந்தக் கூரை மேல் ஏறி நின்று அவள் என்னை மறக்கிற நாள்வரை மன்னிக்கமாட்டேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அவள் கையில் கொடுக்கப் போகிறேன், தபாலில் போடச் சொல்லி. போகிற வழியில் படிக்கட்டும். வேறு யாரையோ சொல்கிறேன் என்று தப்பித்துக்கொள்ளக் கூடாது, அதனால் பெயரை முழுதாக, பெரிதாக எழுதுகிறேன்.

ரெனீட்டா ஜாய் டாலிவர்.